மகள் என்னைத் திருத்தாமல் விட்ட மாதம்

என் மகள் முதன்முதலாக என்னைத் திருத்தியபோது அவளுக்கு மூன்றரை வயது. ஜூன் மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். ஆபீஸிலிருந்து பாதி நனைந்து வந்தவள், பசி தாங்காமல் சமையல் மேடையில் சாய்ந்து நின்று ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்றுகொண்டிருந்தேன். அவள் கதவோரம் வந்து நின்றாள். ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“அம்மா, நின்னுக்கிட்டு சாப்பிடக் கூடாது. பைட் கே கானா.”

உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதை ஹிந்தியிலும் ஒருமுறை சொன்னாள், எனக்குத் தமிழில் புரியாமல் போய்விடுமோ என்பதுபோல. எனக்குச் சிரிப்பு வந்தது. தரையில் உட்கார்ந்தேன். மீதிப் பழத்தைத் தின்று முடித்தேன். அவள் தலையை ஆட்டிவிட்டு விளையாடப் போனாள்.

“யாரு பாப்பா சொல்லிக் குடுத்தா?” என்று பின்னாலிருந்து கேட்டேன்.

“மௌசி.”

சிரிப்பு அங்கே நின்றது.

நாங்கள் சிவகங்கைப் பக்கத்துக்காரர்கள். அரசாங்க ஆபீஸில் கிளார்க் வேலை கிடைத்து நான் இந்தத் தீவுக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது. என் கணவர் ரோடு கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர். மகள் பிறந்த மறு வருஷம் அவருக்கு வேலை ரங்கத் பக்கம் மாறியது. பஸ்ஸில் போனாலும் கப்பலில் போனாலும் ஒரு பகல் போய்விடும். பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் வருவார். டாலிகஞ்சில் ஒரு தகரக்கூரை வீட்டில் நானும் மகளும் மட்டும். பால்வாடி பன்னிரண்டு மணிக்கு விட்டுவிடும். நான் வீடு வந்து சேர ஐந்தரை ஆகும். நடுவில் இருக்கிற அந்த ஐந்தரை மணி நேரம் மகள் பக்கத்து வீட்டில் இருப்பாள்.

பக்கத்து வீட்டுப் பெண் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அவளை நான் தீதி என்று கூப்பிடுவேன், அக்கா என்பதுபோல. அவள் குடும்பம் ஐந்து தலைமுறையாக இங்கேயே இருப்பது. கைதியாகக் கொண்டுவரப்பட்ட ஒரு கொள்ளுத்தாத்தாவில் ஆரம்பிக்கிற குடும்பம். கணவருக்குத் தீவுகளுக்கு இடையில் ஓடுகிற கப்பலில் வேலை. வாரத்தில் பாதி நாள் கடலில். ஏழு வயதில் ஒரு பெண்ணும் ஐந்து வயதில் ஒரு பையனும். அவள் வீட்டு விண்ணப்பம், பள்ளிக்கூட ஃபாரம் எல்லாம் நான் எழுதிக் கொடுப்பேன். என் மகளை அவள் பார்த்துக்கொள்வாள். நாங்கள் பேசிக்கொள்வது ஹிந்தியில்தான். என் ஹிந்தி ஆபீஸில் கற்றது, அவளுடையது பிறந்ததிலிருந்து பேசுவது. அதையெல்லாம் இங்கே தமிழிலேயே எழுதுகிறேன்.

மௌசி என்றால் அம்மாவின் கூடப்பிறந்தவள். எனக்கு ஊரில் சொந்தத் தங்கை ஒருத்தி இருக்கிறாள். அவளை என் மகள் ‘போன் சித்தி’ என்பாள், போனில் மட்டும் தெரிகிறவள் என்பதால். பக்கத்து வீட்டுக்காரி எந்த அடைமொழியும் இல்லாமல் வெறும் மௌசி. இதை நான் தங்கையிடம் சொன்னதில்லை.

அந்த வாழைப்பழத்துக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு சட்டம் வீட்டுக்கு வந்தது. எங்கள் பக்கம் மூன்று நாளுக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும், நீல டிரம்மில் பிடித்து வைப்போம். அதற்குள் கையை விடக் கூடாது, மக்கில் மட்டும்தான் எடுக்க வேண்டும் என்றாள். அது சரியான பேச்சுதான். கவிழ்ந்து கிடக்கிற செருப்பைப் பார்த்தால் அதை நிமிர்த்தாமல் யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது. எல்லார் தட்டிலும் சோறு விழுகிற வரை யாரும் வாயில் வைக்கக் கூடாது. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவள் தட்டில் போட்டுவிட்டு என் தட்டில் போடுவதற்குள் எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று கேட்டால், “அப்படித்தான்” என்பாள். வேறு காரணம் கிடையாது. வயிறு ஒட்டிக் கிடந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

முட்டை விஷயம்தான் என்னைச் சுட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முட்டை அவித்து, உரித்து, கத்தியால் இரண்டாக வெட்டினேன். அவள் அலறினாள். “கலத்! கலத்! கத்தியால வெட்டக் கூடாதும்மா. நூலால வெட்டணும்!” கலத் என்றால் தப்பு. அழுகை ஓயவில்லை. கடைசியில் தையல் டப்பாவிலிருந்து நூல் எடுத்து, இன்னொரு முட்டையைச் சுற்றி இழுத்து வெட்டிய பிறகுதான் சாப்பிட்டாள். இது என்ன பழக்கம், எந்த ஊர் வழக்கம் என்று எனக்குள் குமைந்துகொண்டே இருந்தது. மறுநாள் தீதியிடம் கேட்டேன். என் குரல் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்திருக்கும்.

அவள் முதலில் விழித்தாள். அப்புறம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அதுவா? ஒரு நாள் கத்தியைக் காணோம். இந்தப் பையன் கொண்டுபோய் டிரம்முக்குப் பின்னால போட்டுட்டான். அவசரத்துக்கு நூல்ல வெட்டினேன். ஒரே ஒரு தடவை!”

நான் சிரிக்கவில்லை. அவள் ஒரே ஒரு தடவை செய்தது சட்டமாகிவிட்டது. நான் அதே பிள்ளையின் கண் முன்னால் கத்தியால் எத்தனை முட்டை வெட்டியிருக்கிறேன்! அதில் ஒன்றுகூடச் சட்டமாகவில்லை. அவள் கை செய்தால் அது முறை, என் கை செய்தால் அது வெறும் வேலை. வீட்டுக்குள் வந்து பாத்திரம் தேய்க்கும்போது இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. எங்கள் வீட்டு முறை என்று ஒன்றை அவளுக்குள் ஏற்றிவிட வேண்டும் என்று பிடிவாதம் வந்தது. தம்ளரில் வாய் வைக்காமல் அண்ணாந்து குடிக்கப் பழக்கினேன். ஒரு வாரம் முழுக்க அவள் சட்டை நனைந்தது. மூக்கில் ஏறி இருமினாள். எட்டாம் நாள் ஒரு சொட்டு சிந்தாமல் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் கை தட்டினேன். அப்புறம் அடுத்த வாயை உதட்டில் வைத்து உறிஞ்சிக் குடித்தாள். “மௌசி வீட்ல இப்படித்தான்” என்றாள். என் வீடு அவளுக்கு ஒரு வித்தை, அந்த வீடுதான் வீடு என்று எனக்குப் பட்டது. ஒரு குழந்தையைப் பற்றி அப்படி நினைக்கலாமா என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன்.

விநாயகர் சதுர்த்திக்கு ஆபீஸில் கூட வேலை பார்க்கிற இரண்டு தமிழ்க் குடும்பங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். கணவரும் வந்திருந்தார். பாய் விரித்து இலை போட்டு நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். ஆபீஸ் சூப்பரின்டென்டன்ட், பெரிய மனிதர், சாம்பார் விழுந்ததும் ஒரு கவளம் பிசைந்து வாயருகே கொண்டுபோனார்.

“ருக்கோ!”

என் மகள். பாயின் நடுவில் நின்று உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தாள், டிராஃபிக் போலீஸ்போல. “இன்னும் எல்லாருக்கும் வரல!”

அவர் கவளத்தை இலையில் வைத்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மனைவி என்னைப் பார்த்து, “உங்க பொண்ணு நல்ல ஹிந்திக்காரி ஆயிட்டாளே! யாரு வளக்குறா?” என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்குக் காது வரைக்கும் எரிந்தது. இன்னொரு இலையில் கூட்டு வைக்கக் குனிந்தேன். மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். “அம்மா, கலத். முதல்ல பாப்பாக்களுக்கு வைக்கணும். மௌசி இப்படிப் பண்ண மாட்டா.”

கரண்டியைக் கீழே வைத்தேன். அவள் கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிப்போனேன். கதவைச் சாத்தினேன்.

“உனக்கு அம்மா யாரு? நானா, அவளா?”

அவள் சாத்திய கதவைப் பார்த்தாள்.

“இனிமே அது தப்பு, இது தப்புன்னு என்கிட்ட வந்து சொன்னே, நான் உன்கூடப் பேசவே மாட்டேன். புரியுதா?”

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அழவில்லை. “ம்” என்று தலையை ஆட்டினாள்.

அந்த ஒரு ‘ம்’மோடு எல்லாம் நின்றது.

முதல் இரண்டு மூன்று நாள் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. நின்றுகொண்டு காபி குடித்தேன். அவள் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. செருப்பை வேண்டுமென்றே கவிழ்த்துப் போட்டுப் பார்த்தேன். அவள் வந்து சத்தமில்லாமல் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனாள். அவள் தட்டில் சோறு போடும் முன்பே நான் சாப்பிட ஆரம்பித்தேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தாள். நான் சொன்னதைக் கேட்டு நடக்கிற பிள்ளை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் புயல் எச்சரிக்கை வந்தது. கப்பல் எல்லாம் கேன்சல். எங்களை மூன்று மணிக்கே போகச் சொல்லிவிட்டார்கள். மகளைக் கூட்டிப்போகத் தீதி வீட்டு வாசலுக்கு வந்தேன். மழை இன்னும் விழவில்லை, காற்று மட்டும். உள்ளே குழந்தைகளின் சத்தம் கேட்டது. கேட்டைத் திறக்காமல் அங்கேயே நின்று பார்த்தேன்.

வராந்தாவில் கப்பல் விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பெஞ்ச், ஏறுவதற்கு ஒரு பலகை. டிக்கெட்டுக்குக் கொய்யா இலை. ஏறுமுன் செருப்பைக் கழற்றி இடது கையில் பிடிக்க வேண்டும். உட்காருமுன் எங்கே இறங்குவாய் என்று கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிந்ததென்றால், ஒவ்வொன்றிலும் யாராவது தவறினார்கள், ஒவ்வொன்றுக்கும் என் மகள் கத்தினாள். பையன் வலது கையில் செருப்பைப் பிடித்திருந்தான். “கலத்!” அவன் கையை மாற்றினான். பெரிய பெண் பெஞ்சின் மேல் தாவி ஏறிவிட்டாள். “கலத்! பலகையில வா!” ஏழு வயதுக்காரி இறங்கிப் போய்ப் பலகை வழியாக வந்தாள்.

உள்ளிருந்து தீதி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து ஒரு நாற்காலியில் உட்காரப் போனாள்.

“மௌசி! டிக்கெட் திகாவ்!”

தீதி நாக்கைக் கடித்துக்கொண்டாள். முற்றத்தில் இறங்கி, காற்றில் ஆடுகிற கொய்யாக் கிளையை எட்டிப் பிடித்து, ஒரு இலை பறித்து வந்து காட்டினாள். என் மகள் அதை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள். “எங்கே இறங்கணும்?” “ரங்கத்” என்றாள் தீதி. “நானும் ரங்கத். எங்க அப்பா அங்க இருக்காரு” என்றாள் என் மகள். தன் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினாள்.

அத்தனை நாளும் எனக்குள் இருந்ததற்கு வேறு ஏதேதோ பெயர் வைத்திருந்தேன். மொழி மறந்துவிடுவாளே என்ற கவலை, நம் பழக்கவழக்கம் போய்விடுமே என்ற கவலை. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் அது சுத்தமான பொறாமை என்று தெரிந்தது. தீதி திட்டு வாங்கியதைப் பார்த்துப் பொறாமை. என்னை இப்படி ஒருத்தி விரட்டி ஒரு மாதமாகிறதே என்று பொறாமை.

கேட்டைத் திறந்து நேரே வராந்தாவில் ஏறினேன். பலகையை மிதிக்கவில்லை. இலை பறிக்கவில்லை. செருப்புக் காலோடு போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து மகளைப் பார்த்தேன். என்னைத் திட்டு என்று கேட்கத்தான் அப்படிச் செய்தேன், வேறு எதற்குமில்லை.

பையன் குதித்தான். “ஆன்ட்டி கலத்! டிக்கெட் இல்ல! செருப்பு!”

என் மகள் அவன் தோளைத் தொட்டாள். கோபமே இல்லாமல், மிகவும் பொறுமையாகச் சொன்னாள். “ஜானே தே. மம்மி டூரிஸ்ட் ஹை.”

விட்டுவிடு, அம்மா டூரிஸ்ட்.

பையன் உடனே அடங்கிவிட்டான். அதற்கு மேல் கேள்வியே இல்லை. டூரிஸ்ட்டுக்கு எதுவும் தெரியாது, டூரிஸ்ட்டை யாரும் திட்டுவதில்லை. இந்த ஊர்ப் பிள்ளைகள் கப்பல் துறையிலும் கடற்கரையிலும் பார்த்து வைத்திருக்கிற விஷயம் அது. பெரிய பெண் எழுந்து எனக்கு ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் எங்கே இறங்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. “டூரிஸ்ட் எல்லாம் ஹேவ்லாக்ல இறங்கிக்கோங்க” என்று என் மகள் எல்லாருக்கும் பொதுவாக அறிவித்தாள். அவள் தீதியோடு ரங்கத்துக்கு, தன் அப்பாவைப் பார்க்கப் போனாள். நான் ஹேவ்லாக்கில் இறங்கினேன்.

தீதி என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் கணவரிடம் போனில் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர், “திட்டினாலும் அழுவுற, திட்டலைன்னாலும் அழுவுற. அந்தப் பிள்ளை என்னதான் செய்யும்?” என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

அடுத்து நான் செய்தது நல்ல காரியமில்லை. ஆபீஸில் கூட வேலை பார்க்கிற ஒருத்தி புரோத்ராபூரிலிருந்து வருகிறவள். அவளுடைய தங்கை அதே ஊரில் வாழ்க்கைப்பட்டு, வேலைக்குப் போகாமல் வீட்டோடு இருப்பவள், கைக்குழந்தை ஒன்று வைத்திருப்பவள், மதுரைப் பக்கத் தமிழ் பேசுகிறவள். மகளை மதியத்துக்கு மேல் அங்கே விட ஏற்பாடு செய்தேன். பால்வாடியிலிருந்து பிள்ளையை ஆட்டோவில் கூட்டிப்போகச் சொன்னேன். தீதியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளைக்குத் தமிழ் வரணுமில்லையா என்று எனக்கு நானே ஒரு காரணம் செய்து வைத்துக்கொண்டேன்.

புரோத்ராபூர் வீட்டைச் சுற்றிப் பாக்குத்தோப்பு, காய்கறிப் பாத்தி, இரண்டு மாடு. நல்ல வீடு, நல்ல பெண். மூன்றாம் நாள் கூட்டி வரப் போனபோது அவள் சொன்னாள், “உங்க பிள்ளை மாதிரி பிள்ளைய நான் பாத்ததே இல்லக்கா. உக்காந்த எடத்துல உக்காந்திருக்கு. ஒண்ணுமே சொல்லாது. என் மாமனாரு நின்னுக்கிட்டே சாப்பிடுறாரு, செருப்போட வீட்டுக்குள்ள வர்றாரு. பாத்துக்கிட்டே இருக்கு. வாயத் திறக்காது. ரொம்ப நல்ல பிள்ளை.”

மகள் முற்றத்து ஓரத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறவள்போல உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அந்த வீட்டில் எது எப்படி நடந்தாலும் கவலையில்லை. அந்த வீடு அவளுடையது அல்ல. என் வீட்டிலும் இந்த ஒரு மாதமாக அவள் இப்படித்தானே உட்கார்ந்திருந்தாள்?

மறுநாள் சனிக்கிழமை. தீதி வந்தாள். கையில் எதுவும் கொண்டுவரவில்லை. எப்போதும் மீன் குழம்போ பாஜியோ ஒரு கிண்ணத்தில் இருக்கும். வாசலிலேயே நின்றாள்.

“நான் என்ன தப்புப் பண்ணேன்?”

“ஒண்ணுமில்ல தீதி. தமிழ் பழகட்டும்னு...”

“பொய் சொல்லாதே. என் பையன் மூணு நாளா மத்தியானச் சோறு திங்க மாட்டேங்கிறான். உன் பொண்ணு வந்து காக்காய்க்கு ஒரு உருண்டை வைக்காம சாப்பிடக் கூடாதாம். அவ இல்லாம அதை யாரு வைப்பாங்கன்னு உக்காந்திருக்கான்.”

எனக்குப் புரியவில்லை. காக்காய்க்குச் சோறு வைப்பது விடுமுறை நாட்களில் நான் செய்வது. மகளுக்கு நான் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

தீதி படியில் உட்கார்ந்தாள். “ஒரு வருஷமா நான் உன் சட்டத்துக்கெல்லாம் திட்டு வாங்குறேன், தெரியுமா? விளக்கு ஏத்தின பிறகு தலை வாரக் கூடாது. வெளியில போறவங்களை எங்கே போறேன்னு கேக்கக் கூடாது. குழம்பைக் கரண்டியில எடுத்து நக்கிப் பாக்கக் கூடாது, உள்ளங்கையில விட்டுத்தான் பாக்கணும். என் வீட்ல, என் அடுப்புல, இத்தனூண்டு பிள்ளை வந்து ‘எங்க அம்மா இப்படிப் பண்ண மாட்டா’ங்குது. முதல்ல சிரிச்சேன். அப்புறம் ஒரு நாள் கரண்டியைத் தூக்கி எறிஞ்சேன். அவ மேல இல்ல, சுவத்து மேல. அவ பயந்துட்டா.” சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். “உன்னைப் பாத்தா எனக்கு எரியும். நாள் பூரா நான் பாக்குறேன். சாயங்காலம் உன் செருப்புச் சத்தம் கேட்டா ஓடிப்போயிடுவா. திரும்பிக்கூடப் பாக்க மாட்டா.”

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. அவளுக்கும் எரிகிறது என்பதில் எனக்கு ஒரு குளிர்ச்சி இருந்தது. ‘நான் கரண்டியை எறியவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு அதைவிட மோசமாக ஒன்று சொன்னேன்’ என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. “திங்கக்கிழமையிலிருந்து உங்க வீட்டுக்கே அனுப்புறேன் தீதி” என்று மட்டும் சொன்னேன். அவள் எழுந்து போனாள். சாயங்காலம் கிண்ணம் வந்தது.

ஆனால் மகள் என்னிடம் மாறவில்லை. தீதி வீட்டுக்குத் திரும்பிப் போனாள், அங்கே மறுபடியும் சத்தம் போட்டாள். எங்கள் வீட்டுப் படி ஏறியதும் வாய் மூடிக்கொள்ளும். ஒரு வாரம் பார்த்தேன். தண்ணீர் வருகிற நாளில் டிரம் நிறைந்திருந்தது. அவள் பக்கத்தில் நிற்கும்போது நான் வெறும் கையை அதற்குள் விட்டு அலசினேன். அவள் சட்டென்று மூச்சை இழுத்தாள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

நான் ஈரக் கையோடு அவள் முன்னால் உட்கார்ந்தேன். “சொல்லு பாப்பா.”

தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று.

“ஏன்?”

“சொன்னா நீ பேச மாட்டே.”

ஒரு மாதத்துக்கு முன்னால் கோபத்தில் சொன்ன ஒரு வாக்கியம். நான் மறந்தே போயிருந்தேன். அவளுக்கு அதுவும் ஒரு சட்டம். என் வீட்டிலிருந்து நான் கொடுத்து, அவள் ஒரு நாளும் மீறாத சட்டம் அது ஒன்றுதான். இத்தனை நாளாக நான் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தானே, என் பேச்சு அவளுக்குள் நிற்க வேண்டும் என்று? நின்றிருந்தது.

“அம்மா தப்பாச் சொல்லிட்டேன். அது ரூல் இல்ல. நீ சொல்லு, நான் பேசுவேன்.”

நம்பவில்லை. டிரம்மைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கேட்டும் கேட்காத குரலில், “கலத்” என்றாள். சொல்லிவிட்டு ஒரு அடி பின்னால் போய் நின்றாள்.

“சரி, தப்புத்தான். இனிமே மக்குல எடுக்கிறேன். இன்னிக்கு மௌசி வீட்ல என்ன சாப்பிட்டே?”

நான் பேசுகிறேனா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாக, “கலத்” என்றாள். நான் பேசினேன். மூன்றாவது தடவை கத்தினாள். நான் இன்னும் பேசிக்கொண்டிருந்தேன், என்ன பேசினேன் என்று எனக்கே தெரியாது. அவள் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு மாதத்துப் பாக்கியையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். அன்னிக்கு நீ நின்னுக்கிட்டு காபி குடிச்சே. அன்னிக்குச் செருப்பு. அன்னிக்கு நீ முதல்ல சாப்பிட்டே. தேதி வாரியாக இல்லை, ஆனால் ஒன்றும் விட்டுப்போகவில்லை. குளியலறை வாசலில் உட்கார்ந்து அத்தனையையும் கேட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. “அழக் கூடாது, பெரியவங்க அழுவக் கூடாது” என்று அதையும் சேர்த்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் சத்தத்துக்குக் குறைவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அவள் என்னைத் திட்டுவது தீதியின் குரலில், தீதியின் இடுப்புக் கையோடுதான். அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளே சுருக்கென்று ஒன்று குத்தும். குத்திவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

இந்த ஏப்ரலில் அவளை எல்கேஜியில் சேர்த்தோம். முதல் வாரம் முடிந்த வெள்ளிக்கிழமை, தீதி என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து எனக்குப் பட்டாணி உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மகள் வந்தாள். தட்டில் கிடந்த பட்டாணியைப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் தோலை ஒரு பக்கமாகக் குவித்திருந்தோம்.

“கலத்” என்றாள். “தோல் தனி டப்பா. இது பச்சை டப்பால போகணும். மிஸ் சொன்னாங்க.”

“இங்க அப்படித்தான் பாப்பா, அப்புறமா எடுத்துப் போடுவோம்” என்றேன்.

“மிஸ் அப்படிப் பண்ண மாட்டாங்க.”

தீதி உரிப்பதை நிறுத்தினாள். “யாருடி இந்த மிஸ்?” என்றாள் என்னைப் பார்த்து. குரல் தணிவாகத்தான் இருந்தது. கன்னம் மட்டும் சிவந்திருந்தது. அந்தச் சிவப்பு என்னவென்று எனக்குத் தெரியும்.

“சின்னப் பொண்ணு. இப்பத்தான் டிரெய்னிங் முடிச்சு மெயின்லேண்ட்லேர்ந்து வந்திருக்கா” என்றேன்.

“பாக்கணும் அவளை” என்றாள் தீதி.

“திங்கக்கிழமை பேரன்ட்ஸ் மீட்டிங் இருக்கு. நீங்களும் வாங்க.”

“வர்றேன்” என்றாள். நாங்கள் இருவரும் எழுந்து, ஒரு பச்சை டப்பா தேட ஆரம்பித்தோம்.